மஞ்சள் வெளிச்சத்தில் தெரியாத நிறம்

பல்பைப் போனோடு இணைப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்வீர்கள். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என்னை முதலாளி கூப்பிட்டு, "புதுசா வந்திருக்கிற புள்ளைகளுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுங்க. பெட்டியில எழுதியிருக்கிறத அவங்களே வாசிச்சுக்குவாங்க. பெட்டியில இல்லாதத சொல்லுங்க" என்றார். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கலவான ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். படிப்பை முடித்ததும் இரத்தினபுரி பஸாரில் இந்தக் கடையின் கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன். வந்த காலத்தில் ஹோல்டர், வயர், டியூப் லைட் என்று எல்லாமே கையில் பிடித்துப் பார்க்கிற சாமான்கள். கடைசி சில வருடங்களில்தான் போனால் நிறம் மாற்றுகிற பல்புகள் வந்தன. கடையில் யாருக்கும் அவற்றைத் தொட விருப்பமில்லை. பெட்டிக்குள் இருக்கும் சின்ன எழுத்துக் கடதாசியை முழுதாக வாசிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் முதலாளி அந்த வேலையை என் தலையில் கட்டினார். பிறகு வீடுகளுக்கும் போக ஆரம்பித்தேன். வயர் வேலையை எங்கள் எலக்ட்ரீஷியன் பாஸ் பார்த்துக்கொள்வார், பல்பும் போனும் என் பொறுப்பு.

இந்தப் பல்பு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். எத்தனை வாட்? எத்தனை நிறம்? வாய்ஸில் சொன்னால் கேட்குமா? பதில் எல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. கெல்வின் எண் இரண்டாயிரத்து எழுநூறு பக்கம் இருந்தால் மஞ்சள், ஏற ஏற வெள்ளை, ஆறாயிரத்தைத் தாண்டினால் கொஞ்சம் நீலம் தட்டும். அதைச் சொல்லி விற்றுவிடலாம். ஆனால் நாம் அவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த அறையில் யார் இருப்பார்கள், அங்கே எதைப் பார்ப்பார்கள்?

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு மாணிக்கக்கல் வியாபாரி. பெயர் வேண்டாம். ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவார்கள். வீட்டில் கல் பார்க்கிற அறைக்கு நிறம் மாற்றுகிற பல்பு வேண்டும் என்று கேட்டிருந்தார். மூன்று வகைப் பல்புகளை எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் ஒரு நீலக்கல் இருந்தது. நான் பல்பைப் போட்டதும் எல்லோரையும் போல அவரும் கல்லைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கல்லைக் கைக்குள் மூடிக்கொண்டு, மேசையில் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்ல பாக்கலியா ஹாஜியார்?" என்று கேட்டேன்.

"கல்லு எந்த லைட்டுலயும் அழகாத்தான் நிக்கும் தங்கச்சி. அத நம்ப ஏலாது. கடதாசி வெள்ளைன்னு எனக்குத் தெரியும். அது வெள்ளையா தெரிஞ்சாத்தான் இந்த லைட்ட நான் நம்புவேன்" என்றார்.

முதல் இரண்டு பல்புகளையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். மூன்றாவது பல்பின் பெட்டியில், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண் தொண்ணூறுக்கு மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். அதுவரை அந்த எண்ணை நான் வாடிக்கையாளர் யாருக்கும் சொன்னதே இல்லை. அன்றிலிருந்து சொல்லாமல் விட்டதில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பெல்மதுளைச் சந்தியில் துணிக்கடை வைத்திருக்கும் சுதாகர் ஒருநாள் நம் கடைக்கு வந்தார். கடைக்கு மேலேயே புதிதாக வீடு கட்டியிருந்தார். மனைவி தர்ஷினிக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது. படுக்கையறைக்கு நல்ல பல்பு வேண்டும் என்றார். தொண்ணூறு எண் பல்பைக் காட்டினேன்.

"படுக்கிற ரூமுக்கு நிறம் எதுக்குக்கா? தூங்குறதுக்குத்தானே?" என்று கேட்டார்.

"அங்க கண்ணாடி இருக்கு. தர்ஷினி சேலை கட்டுற ரூம். துணிக்கடை வச்சிருக்கிறவரு நீங்க, உங்களுக்கு நான் நிறத்தப் பத்தி சொல்லணுமா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். பல்போடு ஒரு ரிமோட்டையும் எடுத்து வைத்தேன். "வேணாங்க்கா, எல்லாம் போன்லயே செய்யலாமே" என்று அதைத் தள்ளிவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்பவரிடம் திணிப்பது நம் வழக்கமில்லை.

வீட்டுக்குப் போய்ப் பல்பைப் பொருத்தியதும் நான்தான். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அது பிரதான வீதியைப் பார்த்தது. பஸ் சத்தமும் தூசியும் தாங்காமல் அதை எப்போதும் மூடித் தடித்த திரைச்சீலை போட்டிருந்தார்கள். குழந்தை பிறந்தால் அறை எந்நேரமும் மென்மையான மஞ்சள் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், கரண்ட் போய் வந்தாலும் வெள்ளை வந்து பிள்ளையை எழுப்பக் கூடாது என்று சுதாகர் கேட்டார். கடைசியாக இருந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்படி பல்பை அமைத்துக் கொடுத்தேன். யாராவது சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் போனுக்குப் பல்பு கிடைக்காது என்று சொன்னேன். அவர் உடனே கீழே போய் டேப் கொண்டு வந்து சுவிட்சின் மேல் ஒட்டிவிட்டார். எவ்வளவு ஆசையாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

குழந்தை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. ஆண் பிள்ளை. வீட்டுக்குக் கூட்டிப் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு ஏறுகிறது, தாழ்வான இடங்களில் வீதிக்குத் தண்ணீர் வருகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டிய மிட்வைஃப் மிஸ் அந்த வெள்ளத்தில் வர முடியாமல் இருந்தார்.

அப்படியொரு மத்தியானம். பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கடைக்குப் போன் வந்தது.

"அக்கா, பெல்மதுளையில இருந்து தர்ஷினி பேசுறேன். இந்த ரூம் லைட்ட வெள்ளையாக்க ஏலாதுங்களா?"

"ஏலும் தங்கச்சி. சுதாகர் போன்லயே மாத்தலாமே."

"அவரு சாமான் எடுக்க கொழும்புக்குப் போயிருக்காருங்க. மழைக்கு இங்க நெட் இல்ல. அவரும் அங்கிருந்து போன்ல அமத்திப் பாத்தாராம், பல்பு கிடைக்கலயாம்."

"வெள்ள லைட்டு இப்ப எதுக்கு?"

"எந்நேரமும் பொழுது சாஞ்ச மாதிரியே இருக்குக்கா. மழைக் குளிருன்னு அண்ணி திரையையும் தெறக்க விடல. அதுதானோ என்னமோ, புள்ள எந்திரிக்கவே மாட்டேங்குறான். வெளிச்சமா இருந்தா முழிச்சு பால் குடிப்பான்னு பாக்குறேன்."

பல்பைப் பற்றி வருகிற சாதாரணமான போன்தான். நெட் வந்ததும் சரியாகிவிடும், பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கலாம். கவுண்டரில் வேறு ஆட்களும் நின்றார்கள். ஆனால் அவள் குரல் பல்பைப் பற்றிப் பேசுகிற குரலாக இல்லை. அதனால் ஒரு கேள்வி கேட்டேன்.

"புள்ள கடைசியா எப்ப நல்லா பால் குடிச்சான்?"



"நல்லான்னா… நேத்து பகல்ல இருக்கும்க்கா. ராத்திரியும் சரியா குடிக்கல. எழுப்பி எழுப்பிப் பாக்குறேன். வாய வச்சிட்டு அப்படியே தூங்கிடுறான். அண்ணி, சமத்துப் புள்ளங்குறாங்க."

அண்ணி என்று அவள் சொன்னது சுதாகரின் மூத்த அக்கா சரோஜாவை. தம்பி மனைவியைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தார். தர்ஷினி ஹட்டன் பக்கத்துப் பெண். ஊருக்கும் புதிது, பிள்ளை வளர்ப்பதற்கும் புதிது. அந்த வீட்டில் அண்ணி சொன்னால் அதுதான்.

வெள்ளையாக்க ஒரு வழி இருந்தது. சுவிட்சை ஐந்து முறை அணைத்து அணைத்துப் போட்டால் பல்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த நிலைக்குத் திரும்பும். சுதாகர் பார்த்துப் பார்த்து அமைத்தது எல்லாம் அழிந்துபோகும். பல்பு யாருடைய போனில் இருக்கிறதோ அவருக்குத் தெரியாமல் அப்படிச் செய்யச் சொல்லக் கூடாது என்பது நம் கடையில் ஒரு கட்டுப்பாடு. நானே போட்ட கட்டுப்பாடு அது.

வேறொரு பயமும் இருந்தது. மறந்துவிட்ட பல்பு புதுப் போனைத் தேடி வெட்டி வெட்டி எரியும். சில பல்புகள் சிறிது நேரத்தில் அடங்கி வெள்ளையாக நின்றுவிடும். சில, போன் கிடைக்கும்வரை வெட்டிக்கொண்டே இருக்கும். அவர்களுக்குக் கொடுத்த பல்பு இந்த இரண்டில் எப்படி நடக்கும் என்று எனக்கு நிச்சயமாக நினைவில்லை. கைக்குழந்தை இருக்கும் அறையில் அப்படி வெட்டுகிற ஒரு விளக்கை நான் உண்டாக்கிவிடுவேனோ என்று தயங்கினேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டரில் வைத்தேன். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் சொல்வதற்கு முன்பே அதே பல்பை ராக்கையிலிருந்து எடுத்து, பெட்டியைப் பிரித்து, பல்பு சோதிக்கிற ஹோல்டரில் போட்டார்.

"சுதாகரோட நான் பேசிக்கிறேன். டேப்ப கழட்டும்மா" என்றேன்.

டேப் உரிகிற சத்தம் கேட்டது. "தர்ஷினி, அத ஏன் கழட்டுற?" என்று பின்னால் சரோஜாவின் குரலும் கேட்டது.

"நான் சொல்றப்ப அணைங்க, சொல்றப்ப போடுங்க. இங்க நானும் அதே மாதிரி செய்றேன்."

இங்கே நான், அங்கே அவள். அணை, போடு, அணை, போடு. ஐந்தாவது முறை போட்டதும் கவுண்டரில் இருந்த பல்பு வெட்ட ஆரம்பித்தது.

"வெட்டி வெட்டி எரியுதுக்கா."

"இங்கயும் அப்படித்தான். பயப்பட வேணாம். புள்ள கண்ண கையால மறச்சுக்கோங்க."

நானும் முதலாளியும் கவுண்டர்ப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாமான் வாங்க வந்தவர்கள்கூட என்ன ஏது என்று தெரியாமலே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பல்பு வெட்டுவதை நிறுத்திவிட்டு வெள்ளையாக நின்றது. எனக்கு மூச்சு வந்தது. கொஞ்சம் பிந்தி தர்ஷினியும், "நின்னுட்டுதுக்கா. வெள்ளையா வந்துட்டு" என்றாள்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். வைக்கப் போன நேரம், "அக்கா" என்றாள்.

"சொல்லும்மா."

"இந்தப் பல்பு வெள்ளையிலயும் கொஞ்சம் மஞ்சளா காட்டுமா?"

"ஏன்?"

"புள்ள மொகம் மஞ்சளா தெரியுது."

இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் பல்பைக் குறை சொன்னால் நம் வாயில் பதில் தயாராக இருக்கும். சுவர்ப் பூச்சு மஞ்சளாக இருந்தால் அப்படித் தெரியும், கண் பழக நேரம் எடுக்கும் என்று நாம் சொல்லாத சமாதானமா? அந்தச் சுவர் உண்மையிலேயே வெண்ணெய் நிறம்தான். சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள். எனக்கு ஹாஜியாரின் கடதாசி ஞாபகம் வந்தது.

"பக்கத்துல வெள்ளைத் துணி ஏதாச்சும் இருக்கா?"

"நாப்கின் இருக்குங்க. புதுசு."

"அத புள்ள கன்னத்துக்குப் பக்கத்துல வைங்க. உங்க உள்ளங்கையையும் பக்கத்துல வச்சு, மூணையும் பாத்துச் சொல்லுங்க. அவசரப்பட வேணாம்."

தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

"துணி வெள்ளையாத்தான் இருக்கு. என் கை எப்பவும் போலத்தான் இருக்கு. புள்ளதான்க்கா மஞ்சள். நெஞ்சும் மஞ்சளா இருக்கு."

"கண்ணு?"

"தெறக்க மாட்டேங்குறான்… இருங்க… கண்ணு வெள்ளையும் மஞ்சளா இருக்கு."

அடுத்து போனில் பேசியது சரோஜா. "அக்கா, அவ சின்னப் புள்ள, பயந்துட்டா. பொறந்த புள்ளைக்குச் செங்கமாரி வாறது வழமைதானே. எங்க வீட்டுப் புள்ளைகளுக்கும் வந்திச்சு. வெயில் வந்ததும் ரெண்டு நாள் காட்டினா போயிடும். இந்த மழையில பச்சப் புள்ளைய எங்க தூக்கிட்டுப் போறது?"

செங்கமாரி என்றால் மஞ்சள் காமாலை. அவர் சொன்னதில் பொய் இல்லை. பிறந்த பிள்ளைகள் பலருக்கு அது வரும், தானே போகவும் செய்யும். என்னைக் கலங்க வைத்தது மஞ்சள் மட்டுமல்ல. பசிக்குக்கூட எழும்பாத பிள்ளையிடம் மஞ்சள் இருப்பதுதான். ஆனால் நான் யார்? பல்பு விற்கிறவள். அவரோ பிள்ளை பெற்று வளர்த்தவர். தொலைவிலிருந்து ஒருத்தி போனில் சட்டம் பேசினால் அவர் இன்னும் இறுகிவிடுவார். பிள்ளையை வெள்ளத்துக்குள் அனுப்பி வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் நான்தான் பொறுப்பு. அந்த யோசனையும் வராமல் இல்லை.

"நீங்க சொல்றது சரிதாம்மா" என்றேன். "லேசான செங்கமாரியா கடுமையானதான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ரத்தம் எடுத்துப் பாத்தவங்கதான் சொல்ல ஏலும். ஒரே ஒரு காரியம் செய்ங்க. இவ்வளவு நாளும் நீங்க புள்ளைய மஞ்ச லைட்டுலதான் பாத்திருக்கீங்க. இப்ப அந்த வெள்ளத் துணிய வச்சு நீங்களே ஒரு தடவ பாருங்க. உங்க புள்ளைகளுக்கு வந்தது இந்த மாதிரித்தான் இருந்திச்சுன்னா, நான் போன வச்சிடுறேன்."

அவர் போனைக் கட்டிலில் வைத்த சத்தம் கேட்டது. முதலாளி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சரோஜாவின் குரல் கேட்டது, என்னிடம் அல்ல.

"தர்ஷினி, சேலைய மாத்து. நான் த்ரீவீல் கூப்பிடுறேன்."

போன் நின்றுவிட்டது.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, கடைய நான் பாத்துக்கிறேன்" என்றார் முதலாளி. குடையை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள், கடையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

வாசலில் நின்று எத்தனை தடவை போன் எடுத்தாலும் தொடர்பு கிடைக்கவில்லை. வெள்ளத்தில் வீதி மூடிவிட்டதாக யாரோ பேசிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு த்ரீவீலரையும் எட்டி எட்டிப் பார்த்தேன். வேலை செய்த காலம் முழுவதிலும் நான் இவ்வளவு பயந்து நின்றதில்லை. வீட்டில் கதகதப்பாகக் கிடந்த பிள்ளையை மழைக்குள் இழுத்துவிட்டது நான் சொன்ன ஒரு வார்த்தை. செங்கமாரி லேசானதாக இருந்து, வழியில் பிள்ளைக்குக் குளிர் கண்டுவிட்டால்? நான் மறுபடி மறுபடி யோசித்தது அதைத்தான்.

அவர்கள் த்ரீவீலரில் வரவில்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ஒன்று வாசலில் வந்து நின்றது. முன் ஆசனத்திலிருந்து சரோஜா இறங்கினார். அவருக்குப் பின்னால் தர்ஷினி, நெஞ்சோடு பிள்ளை. தண்ணீர் ஏறிய இடத்தில் த்ரீவீலரால் தாண்ட முடியவில்லை. அதை ஓட்டி வந்த சிங்களத் தம்பி தண்ணீருக்குள் இறங்கி நின்று, எதிரே வந்த கொழுந்து லொறியை மறித்திருக்கிறார். ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த லொறிக்காரர் விஷயத்தைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பிவிட்டாராம். "பய வென்ன எப்பா, நங்கி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். பயப்படாதே தங்கச்சி என்று அர்த்தம். பிள்ளைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. லொறிக்காரரின் ரெயின்கோட்டுக்குள் சுற்றியிருந்தார்கள்.

உள்ளே எடுத்துப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். நாங்கள் மூன்று பேரும் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது சரோஜா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தெனமும் நான்தான்க்கா குளிப்பாட்டினேன். அந்த வெளிச்சத்துல பொன்னு மாதிரி இருந்தான். எங்க அப்பா நெறம்னு எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னேன்."

தர்ஷினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டுமா அண்ணி, நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.

இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். சிங்களத்துப் பிள்ளை. சரோஜாவிடம் சிங்களத்தில் விவரமாகச் சொன்னார். அளவு கூடித்தான் இருக்கிறது, உடனே லைட்டுக்குக் கீழே வைக்க வேண்டும், இதற்கு மேலும் கூட விட்டிருந்தால் சிக்கல், இப்போதைக்குப் பயமில்லை. பிறகு தர்ஷினியின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்:

"அம்மா, இன்னிக்கு வந்தது நல்லம். பேபி சரியாகும். லைட் வைக்கிறது, மில்க் குடுக்கிறது. அவ்வளவுதான்."

"இன்னொரு லைட்டா?" என்றாள் தர்ஷினி. அவள் சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கும் அதே நிலைதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலாளிக்குப் போன் எடுத்து, "நல்ல நேரத்துக்கு வந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

சுதாகர் கொழும்பிலிருந்து பொழுது சாய்கிற நேரம் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். பிள்ளையைக் கண்ணாடி வழியே பார்த்தார். கண்களை மூடிக் கட்டி, உடம்பெல்லாம் நீல வெளிச்சம் விழப் படுத்திருந்தான். நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். அமைத்து வைத்ததை எல்லாம் அழித்ததைப் பற்றிப் பேசத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"அவனுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான்க்கா நான் அந்த லைட்ட போட்டேன்" என்றார்.

"நல்லதுதான். ராத்திரி நேரத்துக்கு அந்த வெளிச்சம்தான் சரி. லைட்டால வந்த நோய் இல்ல இது. எந்த லைட்டு போட்டிருந்தாலும் வந்திருக்கும். அந்த வெளிச்சத்துல தெரியல, அவ்வளவுதான்."

"இனி அந்த ரூமுக்கு என்ன பல்பு போடணும்?"

"பல்பு அதே போதும். அன்னிக்குத் தள்ளிவிட்ட ரிமோட்ட எடுத்து தர்ஷினி தலமாட்டுல வைங்க. பகல்ல திரைய தெறந்து விடுங்க. சுவிட்சுக்கு டேப் வேணாம்."

தலையை ஆட்டினார். அந்த ரிமோட்டை மறுநாள் முதலாளியே ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பினார்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே இதில் பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. படுக்கையறைக்கு நிறம் எதற்கு என்று கேட்டால் இனி உங்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. அந்தத் தொண்ணூறு எண் இல்லாத பல்பாக இருந்திருந்தால், வெள்ளைத் துணியும் ஏதோ ஒரு நிறத்தில் தெரிந்து நாங்கள் குழம்பியிருப்போம். அறைக்குள் இருக்கிறவர் ஒருவர், போன் வைத்திருக்கிறவர் இன்னொருவர் என்றால், உள்ளே இருக்கிறவர் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுக்காமல் அந்தப் பல்பை விற்காதீர்கள். வேண்டாம் என்றால் இன்னொரு முறை சொல்லுங்கள். நாம் போடும் கட்டுப்பாடுகள் நல்லவைதான். ஆனால் அவற்றை மீறலாமா என்று முடிவு செய்ய உங்களுக்குக் கிடைப்பது போனில் கேட்கிற ஒரு குரல் மட்டுமாகவே இருக்கலாம். அப்போது பல்பைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். சரோஜாவிடம் நான் வாதாடியிருந்தால் தோற்றிருப்பேன். அவர் பார்த்தார், அவரே முடிவெடுத்தார், வழியெல்லாம் பிள்ளையைக் காத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்ததும் அவர்தான்.

இரண்டொரு நாள் கழித்து மழை விட்டிருந்தது. கடையைத் திறப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்குத் திரும்புகிற நடையில் கால் வைத்ததுமே ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அந்த அழுகையில் நல்ல கோபம் இருந்தது. யாருடைய பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டு போனால், வாசலில் சரோஜா நின்றிருந்தார். கையில் தேத்தண்ணி, முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம ஆளுதான்க்கா. பால் குடுக்க கொஞ்சம் பிந்திட்டுதாம். வார்டையே எழுப்பிட்டான்."

உள்ளே போகாமல் அங்கேயே அவர் பக்கத்தில் நின்றேன். அவன் பால் கிடைத்து அடங்கும் வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.